பீடத்திலிருந்து வந்த சீனப் பாட்டு

ஒழுங்கில்லாத மனிதனுக்குத் துன்பம் கண்ட நேரத்தில் வரும், கண்டபடி போகும். ஒழுங்கான மனிதனுக்கோ அது வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் கதவைத் தட்டி, செருப்பை வெளியே ஜோடியாகக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வரும். வந்தால் லேசில் போகாது. நான் ஒழுங்கானவன். சட்டைகளை நிற வரிசைப்படி தொங்கவிடுபவன். பள்ளி நாளிலிருந்து நாட்குறிப்பு எழுதுபவன் (எழுத ஒன்றும் இல்லாத நாட்களில் 'எழுத ஒன்றும் இல்லை' என்று எழுதி அடிக்கோடும் போடுபவன்). இந்தக் குணத்தால் ஒரு கல்யாணம் கவிழப் பார்த்தது. அது என் கல்யாணம் என்பதால் எனக்கு எல்லாமே நினைவிருக்கிறது.

எண்பதுகளின் கடைசி. சிங்கப்பூரில், பிடோக்கில் மூவறை வீடு ஒன்றில் நானும் அம்மாவும் இருந்தோம். அப்பா தஞ்சோங் பகார் துறைமுகத்தில் உழைத்து, ஓய்வு பெற்ற கொஞ்ச நாளிலேயே காலமாகியிருந்தார். நான் கப்பல் அலுவலகம் ஒன்றில் குமாஸ்தா. வயது முப்பதைத் தாண்டி, முன்தலையில் முடி பின்வாங்க ஆரம்பித்திருந்தது. அதுவரை மூன்று இடத்தில் சம்பந்தம் பேசி மூன்றும் தட்டிப் போயிருந்தன. ஒன்று ஏன் போயிற்று என்று எனக்கே தெரியும். பெண் காப்பி கொண்டுவரும் நேரத்தில் நான் நாற்காலியிலிருந்து எழுந்துபோய், அவர்கள் வீட்டுச் சுவரில் சாய்ந்து தொங்கிய கல்யாணப் போட்டோவை நேராக்கிக்கொண்டிருந்தேன்.

நான்காவது, ரோசலின்.

ரோசலின் எங்கள் கத்தோலிக்கக் கோயில் பாடகர் குழுவில் பாடுவாள். ஒரு ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது, "உங்க காலர் ஒரு பக்கம் மடங்கியிருக்கு" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். அவ்வளவுதான் எங்களுக்குள் நடந்த பேச்சு. ஆனால் என் காலர் மடங்கியிருப்பதை இந்த ஊரில் என்னைத் தவிர இன்னொருவர் கவனிக்கிறார் என்பது எனக்குச் சாதாரணச் செய்தியாகப் படவில்லை. அன்று நாட்குறிப்பில் இரண்டு தடவை அடிக்கோடு போட்டேன்.

அம்மா ஆள் விட்டுக் கேட்டாள். ரோசலின் வீட்டார், "வந்து வீட்டைப் பாக்குறோம்" என்றார்கள். பெண் வீட்டார் வந்து, மாப்பிள்ளை வீட்டுப் பீடத்துக்கு முன்னால் முழந்தாளிட்டு ஜெபம் சொல்லி, பலகாரம் சாப்பிட்டு, பிறகு பேச்சை எடுப்பார்கள். எங்கள் பங்குக் கோயிலைச் சேர்ந்தவர்களிடம் அதுதான் வழக்கம்.

சிக்கல் என்னவென்றால் ரோசலினின் அப்பா. அந்தோணிசாமி அங்கிள். கோயிலின் மைக், ஸ்பீக்கர், வயர் எல்லாம் அவர் ஆட்சி. அவர் பின்வரிசையில் நின்று ஒரு கண்ணை மூடித் தலையசைத்தால்தான் சாமியார் பிரசங்கத்தைத் தொடங்குவார். ரோசலினைக் கேட்டு வந்த ஒரு பையனை, அவன் மோட்டார் சைக்கிள் சத்தம் சரியில்லை என்பதற்காகவே வேண்டாம் என்று சொன்னவர் என்று கோயிலில் பேச்சு.

ஒலியை நேசிக்கும் மனிதரை ஒலியால்தான் பிடிக்க வேண்டும் என்று நான் முடிவு செய்தேன். (மூன்று முறை தட்டிப்போனவனுக்கு இப்படிப்பட்ட யோசனைகள்தான் வரும்.) அந்தச் சமயம் புதிதாக வந்திருந்த லேசர் டிஸ்க் பிளேயர் ஒன்று வாங்கினேன். டிஸ்க் ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அளவு, கண்ணாடிபோல் மின்னும். கூடவே, நாலு பக்கமும் சத்தம் வரவைக்கும் ஆம்ப்ளிஃபயர் ஒன்றும் நான்கு ஸ்பீக்கர்களும். இரண்டு ஸ்பீக்கர் டிவிக்கு அக்கம்பக்கம், இரண்டு நமக்குப் பின்னால். படத்தில் மழை பெய்தால் நம் முதுகுப் பக்கம் பெய்யும் என்றார் கடைக்காரர். ஒரு டிஸ்க் இலவசமாகவும் கொடுத்தார். உறை முழுக்கச் சீன எழுத்து. பிளேயரின் விளக்கப் புத்தகம் ஜப்பானிய மொழியில் இருந்தது. ஆங்கிலத்தில் ஒரே ஒரு பக்கம். பெட்டியைத் தண்ணீரில் போட வேண்டாம் என்று அதில் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஜாலான் புசாரில் ஹார்ட்வேர் கடையில் வயரும் கிளிப்பும் வாங்கிவந்து, சுவரோரமாக, கோடு கிழித்ததுபோல் வயரை ஓட்டினேன். ஓரிடத்தில் மட்டும் பாயின் அடியில் தாண்டவேண்டியிருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் விட்டுவிட்டேன். பின் ஸ்பீக்கர்களை எங்கே வைப்பது என்பதில்தான் அம்மாவோடு தகராறு.

"அம்மா, உக்காந்திருக்கிறவங்க காதுக்குக் கொஞ்சம் மேல இருக்கணும். பின்சுவர்ல இந்த ஒரு பலகைதான் இருக்கு."

"அது பலகையா? பீடம்டா அது."

"படத்துக்கு இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. பூச்சாடியைக் கொஞ்சம் தள்ளினா போதும். சமமா இருக்கும்."

"ஆண்டவருக்கு ரெண்டு பக்கமும் பொட்டியை வச்சா அவர் என்ன கடையிலயா நிக்கிறாரு?"

"ரோசலின் அப்பாவுக்காகம்மா."

அம்மா பூச்சாடியைத் தானே தள்ளி வைத்தாள். நான்காவது சம்பந்தம் என்பது அவளுக்கும் தெரியும். இயேசுவின் திருஇருதயப் படத்துக்கு இருபுறமும் கறுப்புப் பெட்டிகள் ஏறின. அவை கொஞ்சமாவது பக்தியோடு தெரியட்டும் என்று அம்மா ஒவ்வொன்றின் தலையிலும் லேஸ் துணி போர்த்தினாள்.

சுவிட்சைப் போட்டேன். டிவியில் ஒரு பெண் கடற்கரையில் நடந்தாள். அவளுக்குப் பக்கத்திலிருந்து வயலின், பியானோ எல்லாம் வந்தன. குரல் மட்டும் முக்கால்வாசி எனக்குப் பின்னாலிருந்து வந்தது. மீதிக் கால் டிவிக்கு வலப்பக்கத்திலிருந்து வந்தது. ஒரு பக்கம் சாய்ந்த சத்தத்தை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. சாய்ந்த போட்டோ மாதிரிதான் அதுவும். வலது இடதைச் சரிபார்க்கும் குமிழை இடப்பக்கமாக முழுக்கத் திருப்பினேன். இப்போது முன்னால் சுத்தமாக இசை, பின்னால் சுத்தமாகக் குரல். ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் தப்பான ஒழுங்கு.

அம்மா அடுப்படியிலிருந்து உருளைக்கிழங்குக் கிண்ணத்தோடு வந்தவள் வாசற்படியிலேயே நின்றாள்.

"யாருடா அந்தப் பொம்பளை?"

"பாட்டும்மா."

"பொண்ணு டிவில நடக்குது. பாட்டு ஏன் ஆண்டவர்கிட்டேருந்து வருது?"

"அதைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்."

"சீனமா?"

"சீனப் பாட்டும்மா."

அம்மா படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "இத்தனை வருசம் எவ்வளவு மன்றாடியிருக்கேன். தமிழ்ல ஒரு வார்த்தை வரல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அலுவலகத்தில் கணக்கில் பிழை தேடும்போது எனக்கு ஒரு முறை உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மற்றதைத் தொடாதே. அப்படியே செய்தேன். முன் ஸ்பீக்கரைப் பின்னாலும் பின் ஸ்பீக்கரை முன்னாலும் மாற்றினேன். குரல் பீடத்தைவிட்டு நகரவில்லை. வயரை மாற்றினேன். நகரவில்லை. பிளக்கை மாற்றினேன், குமிழ்களை ஒவ்வொன்றாகத் திருப்பினேன், டிவியைச் சற்றுத் தள்ளியும் வைத்துப் பார்த்தேன். அவள் திருஇருதயத்தைவிட்டு இறங்கவே மாட்டேன் என்றாள். கடைக்காரருக்குப் போன் செய்தேன். "சுத்தியும் சத்தம் கேக்குதா? கேக்குதில்ல? அப்புறம் என்ன சார், அதான் லா சரவுண்டு" என்று வைத்துவிட்டார்.

அவர்கள் வரும் ஞாயிறும் வந்தது. மதியம் ரிமோட்டில் 'ஆடியோ' என்று எழுதிய ஒரு பொத்தான் இருப்பதைக் கண்டுபிடித்தேன். அழுத்தினால் குரல் அடியோடு மறைந்து இசை மட்டும் கேட்டது. ஆனால் பின் ஸ்பீக்கர்கள் இரண்டும் ஊமையாகிவிட்டன. அவற்றின் சத்தக் குமிழைக் கொஞ்சம் ஏற்றினேன். ஊமை. இன்னும் ஏற்றினேன். ஊமை. கடைசிவரை திருப்பினேன். அப்போதும் ஊமை. அதற்குள் அம்மா கீழே டாக்சி வந்துவிட்டது என்றாள். குமிழை அப்படியே விட்டுவிட்டேன். தண்ணீர் நின்றிருக்கும்போது குழாயைத் திறந்து பார்த்துவிட்டு, மூடாமல் வெளியே போகிறவன் செய்யும் அதே காரியம்.

அந்தோணிசாமி அங்கிளும் அவர் மனைவி மேரி ஆன்டியும் உள்ளே வந்தார்கள். மெல்லிய இசை ஓடிக்கொண்டிருந்தது. அங்கிள் நடுவறையில் நின்று ஒரு கண்ணை மூடினார். எனக்கு உயிர் நின்று திரும்ப வந்தது.

"நல்லா இருக்கே, தம்பி. எங்கேருந்து வருது?"

"முன்னாடியிலேருந்து, அங்கிள். பின்னாடியும் இருக்கு. ஜெபம் முடிஞ்சதும் காட்டுறேன்."

"டேய், அதை நிறுத்து. ஜெபம் சொல்லணும்" என்றாள் அம்மா.

"இருக்கட்டும்மா" என்றார் அங்கிள். "கோயில்ல ஆர்கன் வாசிக்கிற மாதிரி மெதுவாத்தானே இருக்கு."

என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பாராட்டு அது. ஏறக்குறைய அரை நிமிடம் அனுபவித்திருப்பேன்.

அங்கிளுக்கு மூட்டுவலி. அம்மா சோபாவின் மெத்தைகளை எடுத்துப் பீடத்துக்கு முன்னால் தரையில் போட்டாள். அந்த மெத்தைகளில் ஒன்றின் மேல்தான், கைப்பிடிக்கு இணைகோடாக, நான் ரிமோட்டை வைத்திருந்தேன். மெத்தை போனது, ரிமோட்டும் போனது. எங்கே போனது என்று நான் கண்ணால் தேடுவதற்குள் எல்லோரும் முழந்தாளிட்டுவிட்டார்கள்.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. டிவி பார்க்க உட்காருகிறவருக்குப் பின்னால் இருப்பது, ஜெபம் சொல்ல முழந்தாளிடுகிறவருக்கு முன்னால் வந்துவிடும். நான் பின்னால் வைத்த ஸ்பீக்கர்கள், உச்சத்துக்குத் திறந்துவிடப்பட்டு, இப்போது அங்கிளின் முகத்துக்கு ஒரு முழம் தூரத்தில் இருந்தன. என்றாலும் அவை ஊமைதானே என்று என்னைத் தேற்றிக்கொண்டேன்.

அங்கிள் ஜெபமாலையைத் தொடங்கினார். முதல் பாதியை அவர் சொல்வார், மறுபாதியை நாங்கள் சொல்வோம். மாலையில் இரண்டு மணி உருண்டிருக்கும். அங்கிள் வலியில் முழங்காலை மெதுவாக மாற்றி வைத்தார்; பிறகு இன்னொருமுறை மாற்றினார். நாங்கள் மறுபாதி சொல்ல வாய் திறந்தோம்.

திருஇருதயத்தின் இருபுறத்திலிருந்தும் ஒரு பெண் சீனத்தில் பாடத் தொடங்கினாள்.

நான் அதுவரை அவளை அவ்வளவு சத்தமாகக் கேட்டதில்லை. படம் நடுங்கியது. பூச்சாடி தானாக ஓர் அங்குலம் நகர்ந்தது. மேரி ஆன்டி சிலுவை போட்டுக்கொண்டார். அம்மா பீடத்தைப் பார்க்கவில்லை. நேராக என்னைப் பார்த்தாள்.

அங்கிள் நிறுத்தவில்லை. மைக் ஊளையிட்டாலும் வழிபாடு நிற்கக் கூடாது என்பது அவர் கொள்கை. குரலை உயர்த்தி அடுத்த ஜெபத்துக்குப் போனார். அவள் பல்லவிக்குப் போனாள். அவர் முழங்காலை அசைத்தார். அவள் அடங்கினாள். அவர் நிம்மதியாக மூச்சுவிட்டு, எடையை மறுபடி மாற்றினார். அவள் மறுபடி எழுந்தாள். அவர் முதல் பாதி சொன்னதும் அவள் மறுபாதி பாடுவதுபோல் அமைந்துவிட்டது. நாங்கள் மூவரும் நடுவில் வெறுமனே முழந்தாளிட்டிருந்தோம்.

ஜெபத்தின் நடுவில் எழுந்து நிற்பது மரியாதை இல்லை. ஆகவே முழங்காலிலேயே ஊர்ந்து ஆம்ப்ளிஃபயரை நோக்கிப் போனேன் (வேளாங்கண்ணி மணலில் நேர்த்திக்கடனுக்குப் போகிறவர்களைப் போல). பாதி வழியில் பாய் என்னோடு கூட வந்தது. பாயோடு வயர் வந்தது. வயரோடு இடப்பக்க ஸ்பீக்கர் பலகையைவிட்டு வந்தது. அது விழுகிறபோது திருஇருதயப் படத்தையும் இடித்துத் தள்ளியது. அங்கிள் மெத்தையிலிருந்து துள்ளி எழுந்து படத்தை இரண்டு கைகளாலும் மார்போடு சேர்த்துப் பிடித்தார். ஸ்பீக்கர் முறுக்குத் தட்டில் இறங்கியது.

வலப்பக்க ஸ்பீக்கர் பாடிக்கொண்டே இருந்தது. நான் பிளக்கைப் பிடுங்கினேன்.

மேரி ஆன்டி அங்கிள் முழந்தாளிட்டிருந்த மெத்தையைத் தூக்கி, அதன் அடியிலிருந்து ரிமோட்டை எடுத்து, செத்த பல்லியைப் பிடிப்பதுபோல் இரண்டு விரலால் பிடித்து என்னிடம் நீட்டினார்.

மடியில் முறுக்குத் தூளோடு தரையில் உட்கார்ந்திருந்தேன். ரோசலின் என் காலரை இனி எந்த ஞாயிறும் கவனிக்கப் போவதில்லை என்று நினைத்துக்கொண்டேன். அங்கிள் படத்தை அணைத்தபடி நின்றார். பிறகு ஒரு கண்ணை மூடினார்.

"தம்பி. குரல் மட்டும் ஏன் தனியா பின்னாடி வருது?"

"தெரியல, அங்கிள்."

"வயரை மாத்திப் பாத்தியா?"

"பாத்தேன்."

"ஸ்பீக்கரை?"

"அதையும்."

அவர் படத்தை அம்மாவிடம் கொடுத்தார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் தலையை நுழைத்தார். அதன் பிறகு அவர் முகத்தை யாரும் பார்க்கவில்லை. டீ ஆறியது. ஆன்டி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். வெளிச்சம் போனதும் அம்மா பொறுக்கமுடியாமல் கேட்டாள்.

"அண்ணே, நம்ம பிள்ளைங்க விசயம்..."

"இது சரியாகட்டும்மா" என்றது ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னாலிருந்து குரல். "பாதி வேலையில எனக்குப் பேச்சு வராது."

இப்படித்தான் என் கல்யாணம் ஒரு பின் ஸ்பீக்கரிடம் அடகு போனது.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் அங்கிள் கருவிப் பையோடு வந்தார். அதற்கடுத்த ஞாயிறும் வந்தார். ஸ்குரூ டிரைவர்களை அளவு வரிசைப்படி துணியில் அடுக்கிவைத்துத்தான் வேலையைத் தொடங்குவார். அதைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கியது. இந்த உலகில் என்னைப்போல் இன்னொருவர். ஒரு நாள் நான் தயங்கி, "அங்கிள், வேற டிஸ்க் ஏதாவது போட்டுப் பாக்கலாமா" என்று கேட்டேன். அவர் என்னை ஏமாற்றத்தோடு பார்த்தார்.

"எல்லாத்தையும் மாத்தலாம் தம்பி. டிஸ்க்கை மட்டும் மாத்தக் கூடாது. அளவுகோலையே மாத்திட்டா அப்புறம் எதை வச்சு அளக்குறது?"

அவர் சொன்னது அவ்வளவு சரியாக இருந்தது. அப்படிக் கேட்டதற்காக வெட்கப்பட்டேன்.

ஆகவே வாராவாரம் அதே டிஸ்க், அதே கடற்கரை, அதே பெண். ஆம்ப்ளிஃபயரைக் கடையில் கொடுத்து மாற்றி வாங்கினோம். புதியதும் அவளைப் பீடத்துக்கே அனுப்பியது. ஒரு சொல்லுக்கும் அர்த்தம் தெரியாமல் எனக்குப் பாட்டு முழுக்க மனப்பாடம் ஆனது. பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி என்னை லிஃப்டில் பார்த்தால் பரிதாபமாகச் சிரிக்க ஆரம்பித்தார். யாரோ ஒரு பெண் என்னைக் கைவிட்டுவிட்டாள் என்று நினைத்திருக்க வேண்டும். (அதுவும் நடந்துகொண்டுதான் இருந்தது.)

"பேசாம இந்த ரெண்டு பேருக்கும் கல்யாணத்தைப் பண்ணி வச்சிடலாம்" என்று அம்மா ஒரு நாள் என்னையும் அங்கிளையும் காட்டிப் பீடத்தைப் பார்த்துச் சொன்னாள். "பொருத்தம் நல்லா இருக்கு."

தவக்காலம் தொடங்கியது. ஒரு ஞாயிறு மேரி ஆன்டி அம்மாவைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்: ஜூரோங்கில் ஓர் இன்ஜினியர் வீட்டில் ரோசலினைக் கேட்டிருக்கிறார்கள், ஈஸ்டர் முடிந்ததும் பதில் சொல்ல வேண்டும், இவரைக் கேட்டால், 'பிடோக் வேலை முடியட்டும்' என்கிறார், ஜூரோங்கில் எவ்வளவு நாள் பொறுப்பார்கள்? அன்று மாலை நான் பின் ஸ்பீக்கரின் முன்னால் முழந்தாளிட்டேன். அம்மா ஜெபம் செய்கிறேன் என்று நினைத்தாள். நான் ஸ்குரூவைத் திருகிக்கொண்டிருந்தேன். இரண்டுக்கும் அப்போது பெரிய வித்தியாசம் இல்லை.

ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறன்று அங்கிளோடு ரோசலினும் வந்தாள். கையில் குருத்தோலை, தோளில் ஒரு பெரிய துணிப்பை. நான் அவசரமாகக் காலரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அவள் பீடத்தையும் கறுப்புப் பெட்டிகளையும் லேஸ் துணிகளையும் பார்த்தாள். அங்கிளும் நானும் தரையில் படுத்தபடி வேலை பார்த்தோம். டிவியில் அந்தப் பெண் கடற்கரையில் நடந்தாள்.

"அப்பா, பசிக்குது. எப்ப முடியும்?"

"இரும்மா. பிடிபடப் போகுது."

"இதே பாட்டா? வீட்டுல குளிக்கிறப்பவும் இதைத்தான் பாடுறீங்க. அம்மா தலவலி மாத்திரை போட்டுக்கிட்டுப் படுத்திருக்காங்க."

அங்கிள் இன்னொரு ஸ்குரூவைக் கழற்றினார். ரோசலின் எழுந்துவந்து, பிளேயரைத் திறந்து, டிஸ்க்கை எடுத்தாள். பையிலிருந்து வேறொன்றை எடுத்து வைத்தாள். அலுவலகத் தோழியிடம் இரவல் வாங்கிய ஏதோ ஓர் ஆங்கிலப் படம்.

"ஏய், அதைத் தொடாத" என்றார் அங்கிள். "அது அளவுகோலு" என்றேன் நான், அவளிடம் நான் பேசிய முதல் முழு வாக்கியமாக.

"இருக்கட்டும் லா" என்று அவள் பொத்தானை அழுத்தினாள்.

டிவியில் ஒரு கணவனும் மனைவியும் சண்டை போட்டார்கள். வார்த்தைகள் சரியாக அவர்கள் வாயிலிருந்தே வந்தன. அவர்கள் வீட்டுக்கு வெளியே மழை பெய்தது. அந்த மழை எங்கள் முதுகுக்குப் பின்னால், திருஇருதயத்தின் இருபுறமும், சோவென்று பெய்தது.

அடுப்படியில் அம்மா, "ஐயோ, துணி" என்று கத்துவதும் ஜன்னல் திறப்பதும் கேட்டது. வெளியே காயப்போட்டிருந்த மூங்கில் கழிகளைத் துணியோடு ஒவ்வொன்றாக உள்ளே இழுத்துப் போட்டுவிட்டு, மூச்சு வாங்க நடுவறைக்கு வந்தாள். ஜன்னலில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அம்மா வெயிலைப் பார்த்தாள், பீடத்தைப் பார்த்தாள், சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அங்கிளும் நானும் தரையிலிருந்து எழவில்லை. எழுந்தால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியிருக்கும்.

காரணம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அந்த ஆம்ப்ளிஃபயர் வலதுக்கும் இடதுக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் பின்னால் அனுப்பும். படங்களில் பேச்சு இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருப்பதால் முன்னாலேயே நின்றுவிடும். கடைக்காரர் இலவசமாகத் தந்ததோ கரோக்கே டிஸ்க். பாடிப் பழகுவதற்காக இடப்பக்கம் இசையை மட்டும் வைத்து, வலப்பக்கம் இசையோடு குரலையும் சேர்த்திருந்தார்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அந்தப் பெண்ணின் குரல்தான். (ரிமோட்டின் 'ஆடியோ' பொத்தான் இரண்டு பக்கமும் ஒரே ஒலியைப் போட்டதால்தான் அன்று பின்னால் அனுப்ப ஒன்றும் இல்லாமல் போனது.) பெட்டிகளில் ஒரு குறையும் இருந்ததில்லை. முதல் நாளிலிருந்தே எல்லாம் சரியாகத்தான் வேலை செய்திருக்கின்றன, எங்கள் இருவரைத் தவிர.

"எப்படிம்மா கண்டுபிடிச்ச?" என்று அங்கிள் கடைசியில் கேட்டார்.

"நான் எங்க கண்டுபிடிச்சேன்? அந்தப் பாட்டு தாங்க முடியல. அதான் மாத்தினேன்."

அங்கிள் ஸ்குரூ டிரைவர்களை அளவு வரிசைப்படி துணியில் சுருட்டினார். கை கழுவினார். நாற்காலியில் வந்து உட்கார்ந்து, இவ்வளவு நாளில் முதல் தடவையாக அம்மாவைப் பார்த்தார்.

"சரிம்மா. இப்பப் பேசலாம்."

"என்னைக் கேக்க வேணாமா?" என்றாள் ரோசலின்.

பின்னால் மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது. அவள் என்னைப் பார்த்தாள்.

"முதல்ல அந்தப் பொட்டிங்களைப் பீடத்துலேருந்து இறக்குங்க."

இறக்கினேன். லேஸ் துணிகளை மடித்து அம்மாவிடம் கொடுத்தேன். ரோசலின் தன் கையிலிருந்த குருத்தோலையைத் திருஇருதயப் படத்தின் பின்னால் செருகினாள். பூச்சாடியைப் பழைய இடத்தில் வைத்தாள். சரியாக நடுவில் வைக்கவில்லை. ஒரு விரற்கடை இடப்பக்கம். எனக்குக் கை துறுதுறுத்தது. அவள் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"சரிப்பா, பேசுங்க" என்றாள்.

இன்ஜினியர் வீட்டாருக்கு மேரி ஆன்டி பதில் சொல்லி அனுப்பினார். ஈஸ்டர் முடிந்து கோயிலில் எங்கள் கல்யாண அறிவிப்பு ஓலையை வாசித்தார்கள். மாமா (அப்போது அவர் மாமா ஆகிவிட்டார்) கல்யாணப் பூசைக்குமுன் மைக்கைச் சோதித்தபோது, 'ஒன்று, இரண்டு, மூன்று' சொல்வதற்குப் பதிலாகத் தன்னை மறந்து அந்தச் சீனப் பாட்டில் இரண்டு வரியை முனகினார். கோயில் முழுக்கக் கேட்டது. நானும் என்னையறியாமல் மூன்றாவது வரியை முனகினேன்.

இன்றும் எங்கள் வீட்டில் குடும்ப ஜெபத்துக்கு முன்னால் பிள்ளைகள் மெத்தைகளைத் தூக்கி உதறிப் பார்த்துவிட்டுத்தான் முழந்தாளிடுகிறார்கள். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது ரோசலினின் கேள்வி. சாம்பாரில் உப்பு கரித்தாலும், மகன் கணக்கில் தோற்றாலும், ஒரே வாதத்தை நான் மூன்றாவது முறை விளக்க ஆரம்பித்தாலும், அவள் தலை நிமிராமல் கேட்பாள்: "டிஸ்க்கை மாத்திப் பாத்தீங்களா?" பிள்ளைகளும் பிடித்துக்கொண்டார்கள். கடைசியாக மருத்துவமனையில் படுத்திருந்தபோது, மாமாகூட மருந்தை மாற்ற வந்த டாக்டரிடம் அதையே சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

போன வாரம் சட்டைகளை நிற வரிசையில் தொங்கவிட்டுக்கொண்டிருந்தேன். அவள் பக்கத்தில் வந்து நின்று பார்த்தாள்.

"இத்தனை வருசமா அதே வரிசை" என்றாள்.

எனக்குக் கொஞ்சம் ரோசம் வந்தது. "சரி, எல்லாத்துக்கும் மாத்து மாத்துங்கிறியே. இத்தனை வருசத்துல நீ ஏன் இந்த டிஸ்க்கை மாத்தல?"

அவள் என் காலரைத் திருப்பி நேராக்கினாள்.

"பாட்டு பழகிடுச்சு லா" என்றாள்.